ஆட்டோவில் விட்டுப்போன குரல்

“ஏளா பிரியா, எழுதுனது நான். பேசுனது அவ. செத்துப்போனது வேற யாரோ. இதுல எது எனக்குச் சொந்தம்?”

வெள்ளத்துரை மாமா இதைக் கேட்டபோது நான் மதில் பக்கத்தில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதில் தெரியவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று யார் கேட்டாலும் விழித்துக்கொண்டு வீட்டில் இருந்த காலம் அது. என்னிடம் போய்க் கேட்டாரே என்று இருந்தது. அவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆட்டோவின் மேல் இருந்த கோன் ஸ்பீக்கர்களை ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தார். உப்புக்காற்றில் அவை சீக்கிரம் துருப்பிடித்துவிடும். அன்றைக்கு அவருக்கு எந்த அறிவிப்பும் இல்லை. அதற்கு முந்தின நாளும் இல்லை.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் அவரைப் பற்றிச் சொன்னதாகும்.

மில்லர்புரத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய வீடு அவருடையது. நடுவில் ஒரு சுவர்தான். அந்த வீட்டில் தும்மினால் எங்களுக்குக் கேட்கும். சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். அவருடைய அப்பா கருப்பட்டி வியாபாரி. இவருக்கு வியாபாரம் ஒட்டவில்லை. தூத்துக்குடிக்கு வந்து மைக் செட் கடையில் வேலை பார்த்து, பிறகு சொந்தமாக அறிவிப்பு ஆட்டோ வைத்தார். எங்கள் ஊரில் ஒருவர் இறந்துவிட்டால், போஸ்டர் ஒட்டுவதற்கு முன்பே ஆட்டோ வந்துவிடும். யார், எந்தத் தெரு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போகும். கோயில் கொடை, சர்ச் திருவிழா, குடிதண்ணீர் வராத நாள் எல்லாவற்றுக்கும் ஆட்டோ உண்டு. ஆனாலும் மாமாவைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் சாவு வீட்டுக்காரர்கள்தான். காரணம், அவர் எழுதும் ஒரு வரி.

மற்ற ஆட்டோக்களில் பேரும் நேரமும் மட்டும் இருக்கும். மாமா அந்த வீட்டுக்கே போய் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்வார். அழுகிறவர்கள் எதைச் சொல்லி அழுகிறார்கள் என்று கேட்பார். அதிலிருந்து ஒரு வரி எடுப்பார். பஸ் கண்டக்டராக இருந்த ஒருவருக்கு “யாரையும் பாதி வழியில் இறக்கிவிடாதவர்” என்று எழுதினார். மீன் விற்ற ஒரு அம்மாவுக்கு “எடை போட்ட பிறகும் ஒரு மீன் அள்ளிப் போடுகிறவர்” என்று எழுதினார். ஆட்டோ போன பிறகு, அந்த வரியைத் தெருவில் திரும்பச் சொல்லிக்கொண்டு நிற்பார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூட அடக்கத்துக்கு வந்துவிடுவார்கள்.

ஒரே குறை அவருடைய குரல். ஆள் நல்ல உயரம், தோளும் அகலம். குரல் மட்டும் கீச்சென்று வரும். ஆரம்பத்தில் அவரேதான் வாசித்தாராம். மாப்பிள்ளையூரணியில் ஒரு பெரியவர் இறந்த அன்று, பையன்கள் அதே மாதிரி கீச்சிட்டுக்கொண்டு ஆட்டோவுக்குப் பின்னால் ஓடினார்கள். அழுதுகொண்டிருந்த பெண்களே வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதோடு அவர் மைக்கைக் கையில் எடுக்கவில்லை.

பிறகு கடற்கரையோரம் திரேஸ்புரத்தில் ஒரு அடக்கப் பூசைக்கு மைக் கட்டப் போயிருந்தார். அந்தப் பகுதி அமலோற்பவம் அக்கா அங்கே பைபிள் வாசகம் வாசித்தார். வெளியே சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவன் காலை ஊன்றி நின்றுவிட்டான் என்று மாமா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பூசை முடிந்ததும் நேரே போய்க் கேட்டிருக்கிறார்.

“தங்கச்சி, எனக்கு வாசிக்க ஒரு குரல் வேணும்.”

“ஏன் அண்ணாச்சி, தொண்டை கட்டியிருக்கா?”

“இல்ல. இதுதான் என் தொண்டை.”

அக்கா சிரித்துவிட்டார். “கோவிச்சுக்காதிய அண்ணாச்சி. இதுல நீங்க சாவு சொன்னா செத்தவனே எந்திரிச்சுச் சிரிப்பான்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. எழுத்து அவர், குரல் இவர், வருவதில் ஆளுக்குப் பாதி. எல்லாம் வாய்ப்பேச்சுதான். பிரிந்தால் எது யாருக்கு என்று இருவருமே பேசவில்லை. பிரிவோம் என்று யார் நினைப்பார்கள்?

மாமா வீட்டு முன்னறையில் ஜன்னலைப் பழைய மெத்தையால் அடைத்து, ஒரு மேசையும் மைக்கும் போட்டிருந்தார்கள். அக்கா வந்ததும் முதல் வேலை தாளை வாங்கிச் சண்டை போடுவது.

“‘ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.’ இத ஒரே மூச்சுல எவ சொல்லுவா? மூச்சு விட எடம் வச்சு எழுதுங்க அண்ணாச்சி.”

“கமா போட்டிருக்கேம்லா?”

“கமா உங்க கண்ணுக்கு. என் நெஞ்சுக்கு எங்க இருக்கு?”

உள்ளே அடுப்படியிலிருந்து செல்லக்கனி அத்தை, மாமாவின் மனைவி, குரல் கொடுப்பார். “ரெண்டு பேரும் சண்ட போட்டு முடிக்கதுக்குள்ள அங்க எடுத்துட்டுப் போயிருவாவ.”

போகப்போக மாமாவின் எழுத்தே மாறிவிட்டது. அக்கா எங்கே மூச்சு விடுவாரோ அங்கே வரியை உடைத்தார். அக்காவின் வாயில் தடுக்கும் சொல்லை எழுதும்போதே தள்ளினார். அக்காவும் வாசிக்கும்போது ஒரு சொல்லை மாற்றிச் சொல்வார். அடுத்த தடவை மாமா அந்தச் சொல்லையே எழுதியிருப்பார். எது யாருடையது என்று அவர்களுக்கே தெரியாமல் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒன்றே ஒன்றில் மட்டும் அக்கா கண்டிப்பு. அவர் கணவர் பெயர் இஞ்ஞாசி. தோணியில் மாலத்தீவுக்குப் போய்வந்தவர். அந்தப் பக்கத்துப் பெண்களில் அக்காவின் வயதுக்காரர்கள் கணவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கடற்கரையில் இஞ்ஞாசி என்ற பெயர் வீட்டுக்கு வீடு உண்டு. அப்படி ஒருவர் இறந்தால் மாமா பட்டப்பெயரையோ அப்பா பெயரையோ வைத்து எழுதிக் கொடுப்பார். “சவேரியார் மூத்த மகன்” என்றால் ஊருக்குப் புரியும். புனித இஞ்ஞாசியார் திருவிழா அறிவிப்பில் மட்டும் அக்கா அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார். “அது புனிதர். அவருக்கு நான் சோறு வடிக்கல” என்பார்.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது செல்லக்கனி அத்தை இறந்துபோனார். காலையில் பூப்பறித்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஊரில் எத்தனையோ பேருக்கு வரி எழுதிய மாமா, மேசையில் தாளை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அமலோற்பவம் அக்கா வந்தார். தாளைப் பார்த்தார். அதில் பெயர் மட்டும் இருந்தது. அக்கா மைக்கை இழுத்து, எழுத்தே இல்லாமல் பேசினார். அதை நான் கேட்டேன், தெருவே கேட்டது.

“மில்லர்புரம் வெள்ளத்துரை அண்ணாச்சி வீட்டு மதினி, செல்லக்கனி, போயிட்டாவ. அந்த வீட்டுக்கு யாரு போனாலும் மொதல்ல தண்ணி குடுப்பாவ. பெறகுதான் யாருன்னு கேப்பாவ. இன்னைக்கு அந்த வீட்டுல தண்ணி குடுக்க ஆளில்ல. எல்லாரும் வந்துருங்க.”

அதன் பிறகு மாமா மத்தியானம் சாப்பிட உட்காரும்போது அந்த அறிவிப்பைச் சன்னமாகப் போட்டுக் கேட்பார். சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கும் கேட்கும். அந்த வீட்டில் அப்போது வேறு பேச்சே இல்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. அம்மா குழம்பு கொடுத்து அனுப்புவாள். நான் கொண்டுபோய் வைத்துவிட்டு, அது ஓடி முடியும்வரை நின்றுவிட்டு வருவேன்.

ஒரு வருடம் கழித்து அக்கா விலகினார். இஞ்ஞாசி மாமாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சுத்திணறல் வந்துவிட்டது. கடலுக்கும் போகவில்லை, வீட்டுக்குள்ளும் நடக்க முடியவில்லை.

“அண்ணாச்சி, இனி நான் சாவு சொல்ல வரல.”

“ஏன் தங்கச்சி, வரியில எதும் குத்தமா?”

“வரி என்ன செஞ்சுச்சு? வீட்டுல அவிய மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கிடக்காவ. நான் இங்கன வந்து எவரோ மூச்சு நின்னதச் சொல்லிட்டுப் போறேன். திரும்பிப் போய் வாசப்படி மிதிக்கையில, உள்ள இழுப்புச் சத்தம் கேக்குதான்னுதான் மொதல்ல பாக்கேன். ஜோன்ஸ் தம்பி ஸ்டுடியோவுல கூப்புடுதான். ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு ‘வாங்க, வாங்க’ன்னு சொல்லணுமாம். கொஞ்ச நாளு ‘வாங்க’ன்னே சொல்லிட்டு இருக்கேன். ‘போயிட்டாவ’ன்னு சொன்னது போதும்.”

“சரி தங்கச்சி.”

“இனி என் குரல்ல சாவு வேண்டாம் அண்ணாச்சி.”

மாமா தலையாட்டினார். அக்கா கேட்டது ஒன்று, மாமா புரிந்துகொண்டது ஒன்று. அக்கா இனி வர மாட்டார் என்பதை மட்டும்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

முதலில் வேறு ஆள் தேடினார். அடுத்த தெரு செல்வராணி அக்காவுக்கு நல்ல குரல். டீச்சர் வேலைக்குப் படித்தவர். ஆனால் மாமா வரியை உடைத்த இடத்தில் அவர் ஓடினார், ஓட வேண்டிய இடத்தில் நின்றார். “நியூஸ் வாசிக்க மாதிரி இருக்கு” என்றார் மாமா. செல்வராணி அக்காவுக்குக் கோபம். “இத எழுதுனவருக்கு ஆஸ்துமாவா? நடுவுல நடுவுல வெட்டி வெட்டிக் கெடக்கு” என்று எங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் தப்பில்லை. அவை இன்னொருவரின் மூச்சுக்கு எழுதியவை.

பிறகு மாமா வேறு யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் அக்காவின் குரலில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. இத்தனை வருடத்தில் பதிந்தவை எல்லாம் ஒரு கறுப்பு ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. அதில் இல்லாத பெயர் இல்லை, தெரு இல்லை, மணி இல்லை. கம்ப்யூட்டரில் ஒன்றை வெட்டி இன்னொன்றோடு ஒட்டினார். நாள் முழுக்க அதிலேயே உட்கார்ந்திருப்பார். “கிருபாநிதி… கிருபாநிதி… அவர்கள்… அவர்களின்…” என்று துண்டு துண்டாகச் சுவர் வழியே கேட்கும். வீட்டில் யாரோ இருக்கிற மாதிரித்தான் இருக்கும். அவருக்கும் அது தேவைப்பட்டது என்று நினைக்கிறேன்.

ஊருக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஒன்று நின்றுபோனது. ஒட்டுவதற்குப் பழைய சொற்கள் மட்டும்தானே இருந்தன? அதனால் புது வரி எழுத முடியவில்லை. “யாரையும் பாதி வழியில் இறக்கிவிடாதவர்” என்பதை, வாழ்நாளில் பஸ் வேலைக்கே போகாத ஒரு மளிகைக் கடைக்காரருக்குப் போட்டார். கடைக்காரர் வீட்டில் நல்ல வரி என்றார்கள். மாமா சாவு வீடுகளுக்குப் போய் உட்காருவதை விட்டுவிட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் திரேஸ்புரத்தில் இன்னொரு இஞ்ஞாசி இறந்தார். வலை பின்னுகிற வயதானவர். மகன் சிலுவை வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். “எங்கப்பா பேரு முழுசா வரணும் அண்ணாச்சி. பேரில்லாம என்ன சாவு?” என்றார். அமலோற்பவம் அக்கா இருந்திருந்தால் முடியாது என்றிருப்பார். ஆனால் அக்கா இல்லாத குரலுக்கு அந்தத் தடை இல்லை என்று மாமா நினைத்துவிட்டார். திருவிழா அறிவிப்பிலிருந்து அந்தப் பெயரை வெட்டி எடுத்தார். மிச்சத்தை வேறு வேறு சாவுகளிலிருந்து எடுத்தார். அப்பா பெயர், தெரு, மகன் பெயர் எல்லாம் சரியாகவே இருந்தன. ஒட்டு தெரியாமல் வந்திருக்கிறது என்று அவருக்குச் சந்தோஷம்கூட இருந்தது.

ஆட்டோ திரேஸ்புரத்துக்குள் நுழைந்ததும், அமலோற்பவத்தின் குரல் “இஞ்ஞாசி” என்றது. அதற்குப் பிறகு வந்த அப்பா பெயரை ஒருவரும் கேட்கவில்லை. புருஷன் பெயரை வாய் திறந்து சொல்லாதவள் சொல்லிவிட்டாள் என்றால் வேறு யாராக இருக்கும்? பெண்கள் தலையில் கைவைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினார்கள். சர்ச் உபதேசியார் துக்க மணி அடிக்கலாமா என்று கேட்டு ஆள் அனுப்பினார். யாரோ மாலையே வாங்கிவிட்டார்கள்.

இஞ்ஞாசி மாமா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“ஏலே, எனக்கா அழுதிய? இன்னும் காப்பியே குடிச்சு முடியலய.” பிறகு மாலையைப் பார்த்து, “ரோசாப்பூ கொறைச்சலா இருக்கே, நான் அவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போய், உண்மையாகவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார்.

அக்கா அப்போது ஸ்டுடியோவில் இருந்தார். போனில் யாரோ அழுதார்கள், ஒன்றும் விளங்கவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறி வந்துகொண்டிருந்தார். எதிரே மாமாவின் ஆட்டோ வந்தது. தன் கணவர் இறந்துவிட்டார் என்று தன் குரலே சொல்வதை அக்கா கேட்டார். அப்பா பெயர் வேறு என்பது அவர் காதிலும் விழவில்லை. வீடு வந்து சேரும்வரை நம்பிக்கொண்டே வந்திருக்கிறார்.

மறுநாள் காலையில் மில்லர்புரத்துக்கு வந்தார். நான் குழம்புப் பாத்திரத்தைத் திரும்ப வாங்கப் போயிருந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“என் வாய எங்கிட்டக் கேக்காம எடுத்துட்டுப் போயிருக்கிய அண்ணாச்சி.”

“எடுத்துட்டுப் போகல தங்கச்சி. நீ இங்கன விட்டுட்டுப் போனதுதான்.”

“விட்டுட்டுப் போக அது என்ன செருப்பா?”

மாமா மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். “எழுதுனது பூரா நானுல்லா? ஒவ்வொரு வரிக்கும் போய் உக்காந்து எடுத்தது நானுல்லா? எனக்கு அதுல ஒண்ணுமே கிடையாதா?”

“உங்களுக்கு எழுத்து இருக்கு. எடுத்து நீங்களே வாசிங்க. யாரு வேண்டாம்னா?”

“நான் வாசிச்சா செத்தவனே எந்திரிச்சுச் சிரிப்பான்னு நீதான் சொன்ன.”

“சிரிக்கட்டும். அப்படியாவது ஒருத்தன் எந்திரிக்கட்டும்.”

சொன்னவருக்கே சிரிப்பு வர வேண்டியது. வரவில்லை. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தப் பேரக் கல்யாணத்தன்னைக்குச் சாமியார் முன்னால ஒருக்கச் சொன்னேன் அண்ணாச்சி. அவ்வளவுதான். அதுக்குப் பெறகு பிள்ள பெத்த வலியிலகூடச் சொல்லல. நீங்க என்னச் சொல்ல வச்சிட்டிய. அதுவும் எதுக்கு? சாவுக்கு.”

மாமா கம்ப்யூட்டர் பக்கம் போனார். உள்ளே இருந்ததை எல்லாம் அக்கா கண் முன்னால் அழித்தார். டிராயரைத் திறந்து கறுப்பு ஹார்டு டிஸ்க்கை எடுத்தார். அதில்தான் செல்லக்கனி அத்தையின் அறிவிப்பும் இருந்தது. எனக்குத் தெரியும். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வாய் மூடிக்கொண்டேன்.

“வேற எங்கயும் வச்சிருக்கியளா?”

“இல்ல தங்கச்சி.”

அக்கா அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனார். வந்தவருக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அன்று மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அடுத்து வந்த நாட்களும் அப்படித்தான். ஆட்டோ வாசலிலேயே நின்றது. கேட்டு வந்தவர்களை மாமா வேறு ஆட்டோவுக்கு அனுப்பிவிட்டார். அப்போதுதான் ஒரு நாள் மதில் பக்கத்தில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் வேறு ஒன்று கேட்டேன். “அத்தையோடத மட்டும் கேட்டு வாங்கியிருக்கலாமே மாமா?”

“எப்படிக் கேப்பேன்? மத்ததுலயாவது எழுத்து என்னோடதுன்னு சண்ட போடலாம். அதுல நான் எழுதுனது ஒரு சொல்லு கிடையாது. வார்த்தையும் அவளோடது, குரலும் அவளோடது. எந்த மொகத்தோட கேக்க?”

“அத்தை உங்களோடவங்கதானே?”

மாமா துடைப்பதை நிறுத்தினார். பிறகு மறுபடி துடைத்தார்.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் அவரிடம் சொல்லாமல் திரேஸ்புரத்துக்குப் போனேன். இஞ்ஞாசி மாமா அதே நாற்காலியில் இருந்தார். “வா மகளே, செத்தவனப் பாக்க வந்தியா?” என்றார். அக்கா சாளை மீன் அரிந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அரிவாள்மனையிலிருந்து கை நின்றது.

“அதுவுமா அதுல இருந்துச்சு?”

“ஆமா அக்கா. வேற எங்கயும் இல்ல.”

“ஏன் அண்ணாச்சி சொல்லல?”

நான் மாமா சொன்னதை அப்படியே சொன்னேன். அக்கா அரிவாள்மனையைத் தள்ளி வைத்தார். பிறகு, “அந்த டிஸ்க்க வள்ளத்துல கடலுக்குப் போற பையன்ட்டக் குடுத்து ஆழத்துல போடச் சொல்லிட்டேன்” என்றார்.

“எங்க தாத்தன் இருந்தா முங்கி எடுத்துருப்பான்” என்றார் இஞ்ஞாசி மாமா. “முத்துக்கு முங்குன மூச்சு. எனக்குத்தான் அதுல ஒண்ணும் மிச்சம் வைக்கல.” அவர் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார்.

நான் போனதைப் பற்றி மாமாவிடம் சொல்லவில்லை. சொல்ல நல்ல செய்தி எதுவும் இல்லை.

செல்லக்கனி அத்தையின் நினைவு நாள் அன்று காலையில் அமலோற்பவம் அக்கா ஒரு முழம் பிச்சிப்பூவோடு வந்தார். மாமா கதவைத் திறந்தார். உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா நின்றபடியே குடித்தார். பூவை அத்தையின் படத்துக்குப் போட்டுவிட்டு, முன்னறையில் மைக் முன்னால் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

“மதினிக்குச் சொன்னத இன்னொருக்கச் சொல்லுதேன் அண்ணாச்சி.”

மாமா எதிரே உட்கார்ந்தார். அம்மாவும் நானும் வாசல் பக்கம் நின்றோம்.

“மில்லர்புரம் வெள்ளத்துரை அண்ணாச்சி வீட்டு மதினி…” அக்கா நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். மறுபடி நின்றார். அத்தை இறந்த அன்றைக்குத் தாளில் வரி எதுவும் இல்லை, மனதில் வந்ததைச் சொன்னது. அவருக்கு அது நினைவில்லை. “தண்ணி… தண்ணி குடுத்ததப் பத்தி என்னவோ சொன்னேன். என்ன சொன்னேன் அண்ணாச்சி?”

தினமும் மத்தியானம் கேட்டவருக்குத் தெரியாதா? மாமா அந்தக் கீச்சுக் குரலில் சொன்னார். “அந்த வீட்டுக்கு யாரு போனாலும் மொதல்ல தண்ணி குடுப்பாவ.”

அக்கா அதைத் தன் குரலில் சொன்னார்.

“பெறகுதான் யாருன்னு கேப்பாவ.”

அக்கா சொன்னார். “கேப்பாவ” என்பதை இந்தத் தடவை மெதுவாகச் சொன்னார். முன்பு அப்படிச் சொல்லவில்லை. மாமா தலையை லேசாக ஆட்டினார், பழைய நாட்களில் சரி என்று ஆட்டுகிற மாதிரி. இப்படியே ஒவ்வொரு வரியாக அவர் எடுத்துக் கொடுக்க, இவர் சொன்னார். “எல்லாரும் வந்துருங்க” என்ற இடம் வந்ததும், மாமாவால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அக்காவுக்கு அது தானாகவே நினைவு வந்துவிட்டது.

மாமாவின் கை மேசையில் பதிவுப் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. “பதியட்டுமா தங்கச்சி?”

“வேண்டாம் அண்ணாச்சி. கேக்கணும்னா கூப்புடுங்க. வாரேன்.”

மாமா கையை எடுத்துக்கொண்டார். அக்கா கிளம்பிப் போனார். இஞ்ஞாசி மாமாவைத் தனியாக விட்டுவந்திருந்தார்.

மாமா அதற்குப் பிறகு அக்காவைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் இஞ்ஞாசி மாமாவைத் தனியாக விட்டுவிட்டாவது வந்துவிடுவார் என்று தெரிந்ததால்தான் கூப்பிடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் இப்போதும் சத்தம் இல்லை. ஆனால் ஆட்டோ மறுபடி ஓடுகிறது. மாமா சாவு வீடுகளுக்குப் போய் ஓரமாக உட்காருகிறார். புது வரி எழுதுகிறார். அதை அவரே வாசிக்கிறார். திருப்பத்தில் பையன்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள். அவர் வரியை முடிக்காமல் மைக்கைக் கீழே வைப்பதில்லை. கவனித்துக் கேட்டால், அக்கா எங்கே மூச்சு விடுவாரோ அங்கேதான் இன்னும் நிறுத்துகிறார்.

அவர் கேட்டதற்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை. அதனால்தான் எழுதினேன். படித்த நீங்கள் இதை இன்னொருவரிடம் சொல்லுங்கள். இப்படியேதான் சொல்ல வேண்டும் என்று இல்லை, உங்கள் மூச்சுக்கு வசதியாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் பெயர்களை விட்டுவிடாதீர்கள். எழுதினவர் வெள்ளத்துரை, பேசினவர் அமலோற்பவம் என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுத்தவர் செல்லக்கனி என்பதையும் சொல்லுங்கள்.